ஒரு நாள் துறவு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



வழமையாக இந்த நேரத்தில் ஒரு நூலைப் பற்றியோ ஓர் எழுத்தாளரைப் பற்றியோ பேசுவேன். இன்று பேச வந்திருப்பது ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுநரைப் பற்றி. அதுவும் நம்மூர் மைதானங்களில் நாம் பார்த்துப் பழகிய உதைபந்தாட்டம் அன்று. அமெரிக்கர் ஆடும், முட்டை வடிவப் பந்தைக் கையிலே சுமந்துகொண்டு ஓடும் ஆட்டம். இலக்கியத் தொடருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நெற்றியைச் சுருக்குவது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

என்னிடம் தமிழ் படித்த ஒருவர் புளோரிடா மாநிலத்தில் பல வருடங்களாக வாழ்கிறார். ஊருக்கு வந்திருந்தபோது என் வீட்டுத் திண்ணையில் இருந்து இந்தக் கதையைச் சொன்னார். ஒரு பயிற்றுநர் சனிக்கிழமை பதவி விலகினார்; ஞாயிற்றுக்கிழமை, விலகவில்லை, விடுப்பிலே போகிறேன் என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சேர், அவரின்ரை மகளை நினைச்சுப் பாருங்கோ” என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. அதன் பின் அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன். வாசித்ததில் எனக்குப் பட்டவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவர் பெயர் அர்பன் மேயர். 1964இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். 2005ஆம் ஆண்டு புளோரிடா பல்கலைக்கழகத்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக வந்து, 2006, 2008 ஆகிய இரு பருவங்களிலும் அந்த அணியைத் தேசிய வெற்றிக்கிண்ணத்துக்கு இட்டுச் சென்றவர்.

அங்கே பல்கலைக்கழகப் பயிற்றுநர் என்றால் யார் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மாலையில் விசிலோடு மைதானத்துக்கு வந்து, பொழுது பட்டதும் வீட்டுக்குப் போகும் நம் விளையாட்டாசிரியரை நினைத்தால் கணக்குப் பிழைத்துவிடும். கெயின்ஸ்வில் என்ற அந்தப் பல்கலைக்கழக நகரின் மைதானத்தில் ஏறத்தாழ 88,000 பேர் இருந்து ஆட்டம் பார்க்கலாம். 2009 ஓகஸ்டில் மேயரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஆறு வருடங்களுக்கு 24 மில்லியன் டொலர். துணைவேந்தர்கள் இத்தகைய சம்பளத்தைக் கனவிலும் காண்பதில்லை.

பணம் ஒருபுறமிருக்க, வேலையின் தன்மை வேறொன்று. பருவ ஆட்டங்கள் பன்னிரண்டுதான். ஆனால் அந்நாட்களில் அணியிலே புலமைப்பரிசில் பெறும் மாணவர் 85 பேர் வரை இருக்க இடமிருந்தது. அவர்கள் வருடா வருடம் படித்து வெளியேறுவார்கள். அந்த இடங்களை நிரப்ப நாடெங்குமுள்ள பாடசாலைகளில் பதினேழு வயதுப் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும். அவர்களுடைய தாய்மாரோடு கதைக்க வேண்டும். மற்றப் பல்கலைக்கழகத்தார் கொண்டுபோய்விடாமல் இரவும் பகலும் தொலைபேசியில் அவர்களைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்நாட்களில் பெப்ரவரி மாதத்து முதற் புதன்கிழமையில்தான் பிள்ளைகள் கையொப்பமிடுவார்கள். ஆகவே ஆட்டங்கள் ஓய்கிற டிசெம்பர் மாதத்திலேதான் இந்த வேட்டை சூடுபிடிக்கும். அறுவடை முடிந்த கையோடு அடுத்த விதைப்பு. வயல் ஆறுவதற்கு இடமேயில்லை.

2009 ஜனவரியிலே மயாமி நகரில் ஒக்லஹோமா அணியை 24க்கு 14 என்று வென்று இரண்டாவது தேசிய கிண்ணத்தைப் பெற்ற அந்த இரவு, வீரர்கள் கொண்டாடிக்கொண்டிருக்க, மேயர் ஓர் அறைக்குள்ளே கதவைப் பூட்டிக்கொண்டு அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். இந்தக் காட்சியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே வாத்தியமும் கூச்சலும். உள்ளே வென்றவன் தனியாக இருந்து யாரோ ஒரு சிறுவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். ஒரு சிறுகதையின் முதல் பந்தியாக இருக்கத்தக்கது இது.

அடுத்த பருவத்திலும் அவருடைய அணி தோற்காமலே வந்தது. தொடர்ந்து 22 வெற்றிகள். 2009 டிசெம்பர் 5ஆம் திகதி அற்லாண்டாவில் அலபாமா பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தில் 32க்கு 13 என்று தோல்வி. மறுநாள் அதிகாலையில் நெஞ்சுவலி. மனைவி அவசர சேவையை அழைத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். வயது 45. உணவுக்குழாயின் தசை இழுத்துப் பிடிக்கிற நோய் அது, மருந்தாலே தணிக்கக்கூடியது என்று பின்னர் கண்டறியப்பட்டது. ஆனால் அந்த நேரத்திலே அது அவருக்குத் தெரியாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனிதன் வேறென்ன நினைப்பான்? நெஞ்சுவலி அன்றுதான் முதல் முதலாக வந்ததும் அல்ல.

மூன்று கிழமைகள் யோசித்தார். டிசெம்பர் 26, சனிக்கிழமை, பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. புதுவருட தினத்தன்று நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடைபெறவிருந்த ஆட்டமே கடைசி ஆட்டம் என்றார்கள். முடிவை வீட்டாருக்குச் சொன்னபோது பதினெட்டு வயதான மூத்த மகள் அவரைக் கட்டிக்கொண்டு, அப்பா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்ற கருத்துப்படச் சொன்னாளாம். இதை மேயரே ஒரு பத்திரிகையாளருக்குச் சொல்லியிருக்கிறார். தமக்கு எதிரான சாட்சியத்தைத் தாமே எடுத்துக் கொடுத்தது போல.

மறுநாள் ஞாயிறு. நியூ ஓர்லியன்சுக்குப் புறப்படுமுன் வீரர்களுக்குக் காலையில் ஒரு பயிற்சி இருந்தது. மேயர் போனார். இளம் பிள்ளைகள் ஓடுகிறார்கள், மோதுகிறார்கள், விழுந்து எழும்புகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு மனம் மாறிவிட்டது. அன்றே நியூ ஓர்லியன்சில் பத்திரிகையாளர் மாநாட்டில் இருந்துகொண்டு, நான் விலகவில்லை, காலவரையறையற்ற விடுப்பிலே போகிறேன், அடுத்த பருவத்துக்கு வருவேன் என்றுதான் நம்புகிறேன் என்றார். விலகல் ஒரு நாள் நின்றுபிடித்தது.

நாடு முழுவதும் ஏளனம் செய்தது. பிள்ளைகள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடுவார்கள் என்று பயந்து செய்த தந்திரம் என்றார்கள் சிலர். அந்தக் கணக்கு அவருடைய மனதின் ஒரு மூலையில் இருந்திருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். விடுப்பு என்று பெயர் சொல்லிவிட்டு, பெப்ரவரி முதற் புதன் வரைக்கும் பிள்ளை பிடிக்கும் வேலையை அவர் விட்டாரில்லை. அதில் அவர் அணிக்கு நல்ல அறுவடையும் கிடைத்தது. ஆனாலும் தந்திரம் என்ற ஒரு சொல்லால் இதை மூடிவிட என்னால் முடியவில்லை. தந்திரக்காரன் தன்னை உலகத்தின் முன் கேலிப்பொருளாக்கிக்கொள்ள மாட்டான்; இதைவிட அழகான ஒரு பொய்யைக் கண்டுபிடித்திருப்பான்.

இங்கேதான் எனக்கு லியர் மன்னன் ஞாபகம் வருகிறான். ஷேக்ஸ்பியரின் நாடகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அவன் இராச்சியத்தைத் துறக்கிறான், ஆனால் அரசன் என்ற பெயரும் நூறு வீரர்களும் தனக்கு வேண்டும் என்கிறான். அந்த நூறு வீரர்களில்தான் பிரச்சினை எல்லாம் தொடங்குகிறது. புளோரிடாப் பயிற்றுநர் கேட்ட விடுப்பும் இந்த நூறு வீரர்கள்தான். பாரத்தை இறக்கி வைக்கவும் வேண்டும், தோளிலே அதன் தழும்பு ஆறவும் கூடாது.

லியரைவிட இவருக்குக் கிட்டிய உறவு இன்னொருவர் உண்டு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி இத்சிங், தம் குறிப்பிலே இலக்கண அறிஞர் பர்த்ருஹரியைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். அவர் ஏழு தடவை துறவு பூண்டு மடத்துக்குள் போனாராம். ஏழு தடவையும் இல்லறத்துக்குத் திரும்பி வந்தாராம். ஒரு முறை மடத்துக்குள் போகும்போதே, வெளியே ஒரு வண்டியை ஆயத்தமாக நிறுத்திவைக்கும்படி மாணாக்கன் ஒருவனிடம் சொல்லிவிட்டுப் போனாராம்! இத்சிங் இதைக் கேலியாக எழுதவில்லை. பெரிய அறிஞர் ஒருவரைப் பற்றிய செய்தியாகவே எழுதிவைத்தார். அந்த வண்டி என் மனதை விட்டுப் போவதில்லை. உள்ளே போகிறவன் பொய்யனல்லன், உண்மையாகவேதான் போகிறான். ஆனால் தன்னை அறிந்தவன். ஆகவே வண்டியையும் நிறுத்திவைக்கிறான்.

மேயர் ஏன் இப்படி ஆனார்? அதற்குப் பதில் அவருடைய பதினெட்டு வயதுக்கு முன்பே இருக்கிறது என்பது எனது அபிப்பிராயம். 1982இல் பாடசாலையை முடித்த கையோடு அற்லாண்டா பிரேவ்ஸ் என்ற தொழில்முறை பேஸ்போல் கழகம் அவரைத் தெரிவு செய்தது. புளோரிடாவிலே புதுமுகங்கள் ஆடும் கீழ்ப்பிரிவொன்றுக்கு அனுப்பினார்கள். வயது பதினேழுதான். பந்து மட்டையில் படவில்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, விட்டுவிட்டு வருகிறேன் என்றார். தகப்பனார் கண்டிப்பான மனிதர். இந்தக் குடும்பத்தில் இடையில் விட்டவன் எவனுமில்லை. நீ விட்டால் இந்த வீட்டுக்குள் உனக்கு இடமில்லை. கிறிஸ்மசுக்கு அம்மாவுக்கு ஒரு தொலைபேசி எடு, அது போதும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். பையன் விடவில்லை. அந்தப் பருவத்தை முடித்தான். அடுத்த பருவமும் ஆடினான். பின்னர்தான் சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனான்.

இந்தக் கதையை மேயர் பிற்காலத்தில் பெருமையோடு சொல்லி வந்தவர். தகப்பன் தன்னை ஆளாக்கிய கதையென்று. எனக்கு அதைக் கேட்கும்போது பயமாக இருக்கிறது. வேலையை விட்டால் வீடில்லை என்று பதினேழு வயதில் ஒரு பிள்ளையின் காதில் விழுந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் அதே மனிதன், வீட்டுக்காக வேலையை விடப் பார்க்கிறான். எந்தக் காதால் கேட்பான் மகளின் சொல்லை? அந்தக் காதிலே முன்னரே ஒரு குரல் குடியிருக்கிறதே.

2010 ஜனவரி முதலாந் திகதி அந்த ஆட்டம் நடந்தது. 51க்கு 24 என்று புளோரிடா வென்றது. எதிரணி எது தெரியுமா? சின்சினாட்டி, அவர் படித்த அதே பல்கலைக்கழகம். நாவலாசிரியன் ஒருவன் இப்படி எழுதினால் செயற்கை என்று நாம் விமர்சனம் எழுதுவோம்.

விடுப்பென்று சொன்னது வசந்தகாலப் பயிற்சி தொடங்கும் மார்ச் மாதத்தோடு முடிந்தது. ஆனால் அந்த வருடம் பழைய வருடங்களைப்போல் இல்லை. அணி தோற்றது, பிறகும் தோற்றது. 2010 டிசெம்பர் 8ஆம் திகதி, ஏறத்தாழ ஒரு வருடத்தின் பின், மறுபடியும் பதவி விலகினார். இம்முறை மறுநாள் திரும்பி வரவில்லை. ஆறு வருடங்களில் 65 வெற்றி, 15 தோல்வி என்ற கணக்கோடு புளோரிடாவை விட்டுப் போனார். முதல் விலகல் செய்திகளில் பெரிதாக வந்தது. இரண்டாவதை, இது நிற்குமா பார்ப்போம் என்ற புன்னகையோடுதான் பலரும் கேட்டார்கள். ஒரு முறை திரும்பி வந்தவனுக்கு நேரும் தண்டனை அது. அவன் அடுத்த முறை உண்மையாகவே போனாலும், வாசலில் வண்டி நிற்கிறதா என்றுதான் சனம் எட்டிப்பார்க்கும்.

நின்றதா? ஒரு வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டங்களை விமர்சிக்கும் வேலை செய்துகொண்டிருந்தவரை அவருடைய சொந்த மாநிலத்து ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. 2011 நவம்பரில் அவருடைய தகப்பனார் காலமானார். அதே மாதம் 28ஆம் திகதி அவர் அந்தப் பதவியை ஏற்றார். இந்த இரண்டு திகதிகளையும் நான் அருகருகே வைக்கிறேன், அவ்வளவுதான். அவற்றுக்கிடையே கோடு கிழிக்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் இம்முறை வீட்டார் சும்மா விடவில்லை. மூத்த மகள் ஓர் இளஞ்சிவப்புத் தாளில் ஒப்பந்தமொன்று எழுதினாள். அப்பா கையொப்பமிட்டால்தான் வேலைக்குப் போகலாம். பத்து நிபந்தனைகள். குடும்பம்தான் முதலிடம், அலுவலகத்தில் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, படுக்கும்போது கைத்தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவைக்க வேண்டும், மூன்று நேரமும் சாப்பிட வேண்டும், மகள்மார் இருவரும் ஆடும் கரப்பந்தாட்டப் போட்டிகளைப் பார்க்க எப்படியாவது வழி தேட வேண்டும். இந்த வகையில்.

24 மில்லியன் டொலர் ஒப்பந்தத்துக்குப் பக்கத்திலே இந்தத் தாளை வைத்துப் பாருங்கள், நேயர்களே. மூன்று நேரம் சாப்பிடு என்று பிள்ளை தகப்பனுக்கு நிபந்தனை எழுதுகிறாள்! நம் வீடுகளில் தாய் பிள்ளைக்குச் சொல்வது அது. அவர் கையொப்பமிட்டார், சட்டம் போட்டுத் தன் மேசைக்கு மேலே மாட்டியும் வைத்தார்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரியில் ஒறிகன் அணியை 42க்கு 20 என்று வென்று மூன்றாவது தேசிய கிண்ணத்தைப் பெற்றார். 2018இல், உதவிப் பயிற்றுநர் ஒருவர்மீது எழுந்த குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டு தொடர்பில் அவர் நடந்துகொண்ட முறைக்காகப் பல்கலைக்கழகம் அவரை மூன்று ஆட்டங்களுக்கு இடைநிறுத்தியது. அந்தப் பருவத்தோடு, உடல்நிலையும் சேர்ந்து, மீண்டும் ஓய்வு. 2021இல் மீண்டும் வந்தார், இம்முறை ஜாக்சன்வில் நகரத்துத் தொழில்முறை அணிக்கு. பதின்மூன்று ஆட்டங்களில் இரண்டே வெற்றி. டிசெம்பர் மாதம் அவரை நீக்கிவிட்டார்கள். எத்தனையோ முறை தாமாகப் போனவரை, கடைசியில் அனுப்பினார்கள்.

இந்தக் கதை என்னை ஏன் இவ்வளவு தொட்டது என்று சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது.

1979ஆம் ஆண்டு. நான் ஆசிரியராக இருந்த பாடசாலையில் நாடக மன்றத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். பாடசாலை விட்டபிறகு ஒத்திகை. இரவு ஒன்பது மணி, சில நாட்களில் பத்து மணி. போட்டி நெருங்கினால் சனி ஞாயிறும் இல்லை. மனைவி ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் சாப்பாட்டுக் கோப்பையை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். ஏசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அடுத்த நாள் அதிபரிடம் கடிதம் கொடுத்தேன்: உடல்நிலை காரணமாகப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று. அன்றைக்கு நாலு மணிக்கே வீட்டில் நின்றேன். ஐந்து வயது மகளுக்கு ஒரே புளுகம். முற்றத்தில் அவளோடு கிளித்தட்டுக் கோடு கீறினேன். மனைவி வேளைக்கே புட்டு அவித்தாள்.

மூன்று நாள் போனது. நாலாம் நாள் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மண்டபத்திலே பிள்ளைகள் தாங்களாகவே ஒத்திகை பார்க்கும் சத்தம் கேட்டது. ஒரு பையன் வசனத்தைப் பிழையான இடத்திலே நிறுத்தினான். இருந்து பார்த்தேன். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினான். பேனையை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனேன். திருத்திவிட்டு உடனே திரும்பலாம் என்றுதான் போனேன்.

அன்றிரவு வீட்டுக்கு வர ஒன்பதரை மணி. கடிதம் அதிபரின் மேசை இலாச்சிக்குள்ளே கிடந்தது. அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பவேயில்லை. என்னைப் பற்றி என்னைவிட அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வருடம் எங்கள் நாடகத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. பையன்மார் என்னைத் தோளிலே தூக்கினார்கள். அதற்குப் பிறகும் பதினொரு வருடம் அந்த மன்றத்தை நடத்தினேன்.

இந்த உரையை எழுதி முடித்ததும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவளுக்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மூன்று நாட்களையும் அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நாற்பது வருடங்களுக்கு மேலாகக் கேட்காமலே வைத்திருந்த கேள்வி. கிளித்தட்டு நினைவில்லை என்றாள், புட்டும் நினைவில்லை. ஆனால் ஒன்று சொன்னாள். இரவிலே என் சைக்கிள் மணிச் சத்தம் ஒழுங்கையில் கேட்கும்வரை அவள் விழித்திருப்பாளாம். கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொள்வாளாம். இன்னும் நித்திரை கொள்ளவில்லையா என்று அம்மா ஏசுவாள் என்ற பயம். நான் வந்து விளக்கைத் தூக்கிப் பார்ப்பேன். அவள் நித்திரை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவேன்.

“எல்லா நாளுமா?” என்று கேட்டேன்.

“எல்லா நாளும்தான் அப்பா” என்றாள்.